இரண்டாவது ட்ராக்கில் டீச்சர்

நேசம்மாள் டீச்சர் மாடியில் நின்று பெயர் கூப்பிட்டால் தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். டியூஷன் தொடங்கும் முன் வருகை எடுப்பது அவர் வழக்கம். வெறும் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். ஊரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"பசுவந்தனை காளீஸ்வரி! ஓட்டப்பிடாரம் ஜெபிஷா! கடம்பூர் ராமலட்சுமி!"

அப்போதுதான் படியேறி வருகிறவர்கள் படியில் இருந்தபடியே "வந்துட்டேன் டீச்சர்" என்பார்கள்.

"பக்கத்துலதானே இருக்கோம், ஏன் டீச்சர் இப்படிக் கத்துதீங்க?" என்று காளீஸ்வரி ஒருமுறை கேட்டாள்.

"நான் மணியாச்சி ஜங்ஷன்ல ரயில்வே லைன் வீட்டுல பொறந்தவட்டி. வண்டி போகும்போது சோறு வேணும்னா கத்தித்தான் கேக்கணும். இல்லன்னா பட்டினிதான்."

கோவில்பட்டியில் அவரிடம் படிக்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்று, தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்கள். இருபது வயதுக்காரியும் உண்டு, நாற்பது வயதுக்காரியும் உண்டு. இந்த வருடம் பத்தொன்பது பேர். வேலை முடிந்து, விரலில் தீக்குச்சி மருந்து வாடை போகாமல் வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு பதினான்கு ஆண்டுகளாக டீச்சர் இவர்களுக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கணவர் சாமுவேல்ராஜ் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

நான் அந்த வீட்டில் ஒன்பது வருடமாகச் சமையல் பார்க்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். நீயும் வந்து உட்கார்ந்து படி என்று டீச்சர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் அங்கே நிலைத்தேன் என்று நினைக்கிறேன். ஆள் நிறைய இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜனவரியில் டீச்சருக்குச் சளி பிடித்தது. சளி போனது, கரகரப்பு போகவில்லை. மார்ச் முதல் வாரம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து, நடுவில் ஒரு இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"குரல்வளையை முழுசா எடுத்துரணும்மா. இனித் தள்ளிப் போடக் கூடாது. கழுத்துல ஒரு துளை வைப்போம். மூச்சு அந்த வழியாப் போகும்."

"நான் மூச்சைக் கேக்கல டாக்டர். பேச்சைக் கேக்குதேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "பின்னாடி கருவி வச்சுப் பேசப் பழகலாம். ஆனா இந்தக் குரல் வராதும்மா."

தாளில் இருந்த அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்ச் இருபத்தெட்டு என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாத்தூர் தாண்டியதும் டீச்சர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கை விரல் தீர்ந்து என் விரல்களையும் இழுத்து வைத்து எண்ணினார்.

"பத்தாங்கிளாஸ் கணக்கு மொத்தத்தையும் முப்பத்தோரு பாடமாச் சொல்லி முடிச்சிரலாம் பொன்மணி. ஜூன் மாசம் இவளுகளுக்குப் பரீட்சை. அதுக்கு முன்னால எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுரணும். தொண்டை போனாப் போகட்டும். பாடம் போகக் கூடாது."

இருபத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாளே லிங்கராஜ் அண்ணாச்சி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் படித்தவர். நாற்பது வயதைத் தாண்டியும் டீச்சர் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார்.

"ஏலே லிங்கராஜ், பந்தியில சாப்பிடுதவன் வாயை அவ்வளவு பக்கத்துல எடுக்கியே. என் எழுத்தையும் அப்படித் தெளிவா எடுத்துத் தருவியா?"

"கேமராவே வேண்டாம் டீச்சர். நீங்க இந்தப் பலகையில பேனாவால எழுதினா லேப்டாப்புல தெரியும். அதுல தெரியுததை அதுவே பதிஞ்சுக்கிடும். ஸ்கிரீன் ரெக்கார்டர்னு பேரு. நீங்க மைக்குல பேசிக்கிட்டே எழுதினாப் போதும்."

அவரே ஒரு பழைய லேப்டாப்பையும் எழுதும் பலகையையும் மைக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பதிவை காளீஸ்வரியின் போனில் போட்டுப் பார்த்தோம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மைனஸைக் காணோம்லே."

திரையில் எழுதும்போது இருந்த சின்னக் கோடு போனில் மங்கிக் கரைந்து போயிருந்தது. வர்க்கம் என்று மேலே போட்ட இரண்டு ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"சின்ன பைலா வரட்டும்னு குறைச்சு வச்சிருந்தேன் டீச்சர்."

"கூட்டுததும் கழிக்கிறதும் ஒண்ணாத் தெரிஞ்சா இவளுக என்னத்தப் பாஸ் பண்ணுவாளுக? நீ கணக்குல தோத்தது பத்தாதா?"

அண்ணாச்சி செட்டிங்கைத் திறந்து அளவுகளை ஏற்றினார். திரை முழுசும் ஆயிரத்து எண்பது. பிட்ரேட் என்ற ஒன்றை இரண்டரை மடங்கு கூட்டினார். ஒரு விநாடிக்கு அறுபது படம் என்று வைத்துப் பார்த்தபோது லேப்டாப் சூடாகிப் பேனா பின்தங்கி வந்தது. முப்பதாகக் குறைத்ததும் சரியாக ஓடியது. மைனஸ் மைனஸாக வந்தது.

குரல்தான் வசப்படவில்லை. தெருவில் ஈயம் பித்தளைக்காரன் மைக் கட்டி வந்தான். பின்பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசின் காற்றாடி ஓயாமல் ஓடியது. எல்லாம் பதிவில் விழுந்தது. இரைச்சலை அமர்த்தும் செட்டிங் ஒன்றைப் போட்டு அண்ணாச்சி மறுபடி ஓட்டிக் காட்டினார். காற்றாடி இல்லை. ஈயம் பித்தளை இல்லை. டீச்சர் குரல் மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா, எப்படித் துடைச்சு எடுத்திருக்கு!" என்றார்.

எனக்கு ஏதோ குறைந்தது போல இருந்தது. அடுப்படிக்கு வந்த டீச்சரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கூடத்துக்குப் போய், "பொன்மணி சொல்லுதா, வார்த்தைக்கு வால் இல்லையாம்" என்றார்.

அண்ணாச்சி சிரித்தபடி ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. 'ஆகவே' என்ற சொல் 'ஆக' என்று நின்றுவிட்டது. 'வர்க்கமூலம்' என்பதில் மூலம் இல்லை. நோவு வந்த தொண்டை ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்றையும் செட்டிங் துடைத்திருந்தது.

"டீச்சர்... அது உங்க குரலையே இரைச்சல்னு நெனச்சு அமத்துது."

டீச்சர் சிரித்தார். "மெஷினுக்கும் தெரிஞ்சுபோச்சா?"

இரைச்சலைத் துடைக்கக் கூடாது என்றால், இரைச்சலே இல்லாத இடம் வேண்டும். பின்தெருவில் பெருமாள்சாமி அண்ணாச்சி பருத்தி அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருந்தது. கனமான சுவர். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் பருத்தி மூடை. உள்ளே போய் லிங்கராஜ் அண்ணாச்சி கையைத் தட்டினார். சத்தம் எழும்பவே இல்லை, அங்கேயே விழுந்துவிட்டது.

"மெட்ராஸ்ல இதுக்குன்னு ரூம் கட்டுதாங்க டீச்சர். இங்கன சும்மா கெடக்கு."

மாதக் கடைசியில் மில்லுக்குப் போக வேண்டிய பருத்தியை நாங்கள் முடிக்கும் வரை எடுக்க மாட்டேன் என்று பெருமாள்சாமி அண்ணாச்சி சொன்னார். பஞ்சு பறந்து டீச்சருக்கு இருமல் வரக் கூடாது என்று தினம் காலையில் போய்த் தரையை நனைத்து, மூடைகள் மேல் ஈரச் சாக்குப் போட்டேன். மின்விசிறி கூடாது. வேர்வையைத் துடைக்க ஒரு துண்டு, தொண்டைக்கு ஒரு செம்பு வெந்நீர். ஒரு மேசையில் லேப்டாப், பலகை, மைக்.

பட்டனை அழுத்தும் வேலை எனக்கு வந்தது. லிங்கராஜ் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கூச்சம் என்று அவருக்குத் தெரியும்.

"டீச்சர் உக்காரதுக்கு முந்தியே அழுத்திரு. எந்திரிச்ச பெறகு நிப்பாட்டு. முன்னபின்ன உள்ள பேச்சை நான் வெட்டிக்கிடுவேன். இந்தா, இந்தப் பச்சைக் கோடு ஆடணும். மஞ்சள் வரைக்கும் போகலாம். செவப்பைத் தொட்டா மைக்கைத் தள்ளி வையி. சாயங்காலம் பைலை ஹார்டு டிஸ்க்குல ஏத்திட்டு லேப்டாப்புல அழிச்சிரு. இதுல எடம் பத்தாது."

முதல் நாளே நான் ஒன்றைப் பார்த்தேன். திரையின் அடியில் கோடு ஒன்றில்லை, இரண்டு இருந்தன. டீச்சர் பேசினால் கீழே உள்ளது பச்சையாக ஆடியது. மேலே உள்ளது செத்துக் கிடந்தது. கேட்க வேண்டும் என்று வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி பைக்கை மிதித்துவிட்டார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். நாளைக்கும் கேட்கவில்லை. ஆடுகிறதுதானே, பிறகென்ன என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். சாயங்காலம் பைலை ஏற்றிவிட்டு அழிக்கப் போனால், அழித்துவிடவா என்று லேப்டாப் கேட்கும். ஆம் என்று அழுத்த எனக்குக் கை வரவில்லை. இன்னும் சில நாளில் இல்லாமல் போகப் போகிற குரல். அதை நான் எப்படி அழிப்பேன்? பெயர் வைக்காத ஒரு போல்டரைத் திறந்து அதற்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார் என்று பயம்.

பன்னிரண்டாம் பாடம் பாதிக்கு மேல் போயிருந்தபோது கரண்ட் போனது. அந்த லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரை கறுத்தது. நாற்பது நிமிடம் பேசிய டீச்சர் பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கரண்ட் வந்து திறந்து பார்த்தால், கரண்ட் போன நொடி வரைக்கும் பதிவு இருந்தது.

"அதுக்குத்தான் அந்த வகை பைல்ல பதியச் சொன்னேன்" என்றார் லிங்கராஜ் அண்ணாச்சி போனில். "போன்ல ஓடுத வகையில நேரா பதிஞ்சோம்னா, நடுவுல கரண்ட் போச்சுன்னா மொத்தமும் போச்சு. கடைசியில நான் கடையில வச்சு மாத்திக்கிடுதேன்."

இருபத்தெட்டாம் பாடத்தின்போது லேப்டாப்பில் இடம் தீர்ந்து சிவப்புக் காட்டியது. வேறு வழி தெரியவில்லை. முதல் நாலு பாடத்தையும் அழித்தேன். ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி கடைசிப் பாடம், நிகழ்தகவு. முடித்துவிட்டு டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"செம்புல வென்னி தீந்துபோச்சு பொன்மணி. பெருமாள்சாமி அண்ணாச்சி வீட்டுல வாங்கிட்டு வாயேன்" என்றார். நான் போய், அவர்கள் அடுப்பில் வைத்துக் கொடுக்க, வாங்கி வரக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பியபோது அதே நாற்காலியில் அதே மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் பதிவை நிறுத்தினேன். சாயங்காலம் பைலை ஏற்றிய பிறகு லேப்டாப்பையும் ஹார்டு டிஸ்க்கையும் லிங்கராஜ் அண்ணாச்சி கடைக்கு எடுத்துப் போனார்.

ஏப்ரல் நடுவில் டீச்சரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கழுத்தில் துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. முதல் நாள் அவருக்கு இருமல் வந்தபோது நான் கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டேன். வாய் மூடியிருந்தது. இருமல் கழுத்திலிருந்து காற்றாக வந்தது. குரலே இல்லை. தட்டு விழுந்த சத்தத்துக்கு டீச்சர் என்னைப் பார்த்து முறைத்தார். அந்த முறைப்பு மட்டும் பழைய முறைப்பாக இருந்தது.

எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வாங்கினோம். என்னைக் கூப்பிட எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் இங்கே வா.

சித்திரையில் ஒரு புதன்கிழமை லிங்கராஜ் அண்ணாச்சி ஒரு பென் டிரைவைக் கடைப் பையன் கையில் கொடுத்தனுப்பினார். கடையில் கல்யாண நெருக்கடி. காளீஸ்வரி அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். டிவியில் செருகினோம். டீச்சர் சேலையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

படம் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. பேனா எழுதியது, மைனஸ் மைனஸாகவே தெரிந்தது.

சத்தம் இல்லை.

காளீஸ்வரி டிவியின் ஒலியைக் கூட்டினாள். கூட்டிக் கூட்டி நூறு வரைக்கும் போனாள். வேறு சினிமாப் பாட்டைப் போட்டாள், வீடு அதிர்ந்தது. மறுபடி பாடத்தைப் போட்டாள், ஒன்றுமில்லை. இரண்டாம் பாடம், ஏழாம் பாடம், பத்தொன்பது, முப்பத்தொன்று. எழுத்து வந்துகொண்டே இருந்தது. பேச்சு எதிலும் இல்லை.

டீச்சர் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது. சிலேட்டை எடுக்கவில்லை. வாயைத் திறந்தார். பேச வராது என்பது அந்த நேரத்தில் அவருக்கே மறந்துவிட்டது. வாய் 'ஏலே' என்று அசைந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காளீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி பசுவந்தனையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, படம் வருது. டீச்சர் பேசுதது ஒண்ணுகூட இல்ல!"

"அதெப்படி இல்லாமப் போகும்? செவப்புத் தொடாம நல்லாத்தானே..." என்றவர் நின்றுவிட்டார். "ஐயையோ."

"என்ன அண்ணாச்சி?"

"கிட்டங்கியில மாட்டுனப்ப நான் கல்யாண வீடியோவுக்கு உள்ள செட்டிங்கையே வச்சிருந்திருக்கேன். கல்யாண வீடியோவுல முதல் ட்ராக்கு பாட்டுக்குன்னு சும்மா விட்டுருவோம். ஆளுக பேசுத சத்தத்தை ரெண்டாவது ட்ராக்குல தள்ளிருவோம். கடைசியில முதல் ட்ராக்கை மட்டும் எடுத்துக் குடுப்போம். அதே பழக்கத்துல முப்பத்தொண்ணையும் ஒண்ணா மாத்தப் போட்டுட்டேன். கடையில சத்தத்தை அமத்தி வச்சுத்தான் படத்தைச் சரி பார்ப்பேன்..."

"அப்ப அந்த ரெண்டாவது ட்ராக்கு ஹார்டு டிஸ்க்குல இருக்கும்லா?"

பதில் மெதுவாக வந்தது. "ஒரு ஜோலி முடிஞ்சாச்சுன்னா பழசைத் துடைச்சிட்டு அடுத்த கல்யாணத்தை ஏத்துதது வழக்கம். நேத்தே துடைச்சிட்டேன். அதுக்கு மேல ரெண்டு கல்யாணம் ஏறியாச்சு."

காளீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை அங்கே நிகழ்தகவு எழுதிக்கொண்டிருந்தது.

எனக்குள் இரண்டு கோடுகள் வந்து நின்றன. மேலே செத்தது, கீழே ஆடியது. பெயர் வைக்காத அந்த போல்டரும் வந்தது. சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

"ஒண்ணும் புரியல காளீஸ்வரி" என்று போனில் அண்ணாச்சி தானாகப் பேசிக்கொண்டிருந்தார். "இங்கன தாலிகட்டு எடுத்த கார்டை லேப்டாப்புல ஏத்தலாம்னு பாத்தா, இந்த மூதி வேற எடம் இல்லங்குது. பேரில்லாத போல்டர் ஒண்ணு அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. இதைத் துடைச்சிட்டு, ஒரு மணி நேரத்துல அங்கன வந்து டீச்சர் கால்ல..."

"தொடாதீங்க!"

யார் கத்தியது என்று காளீஸ்வரி வாசலைப் பார்த்தாள். எனக்கே அது என் குரல் என்று தெரியச் சற்று நேரமானது. போனைப் பிடுங்கி இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"அதைத் தொடாதீங்க அண்ணாச்சி! டீச்சர் அதுலதான் இருக்காக. நான் அழிக்கல. நீங்க அழிக்கச் சொன்னீங்க, நான் அழிக்கல. கீழ உள்ள கோடு ஆடுச்சு, நான் பாத்தேன். லேப்டாப்பை மூடி வைங்க. நாங்க வாரோம்."

"பொன்மணியா பேசுத?" என்றார் அண்ணாச்சி.

பஸ் பிடித்துப் பசுவந்தனைக்குப் போகும்போது இருபக்கமும் பருத்தி எடுத்து முடித்த கரிசல் வெடித்துக் கிடந்தது. டீச்சர் சிலேட்டை மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முதல் நாலு பாடத்தை நான் அழித்ததை எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மண்டபத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மணமகன் அறையின் மூலையில், பட்டு வேட்டி உறைகளுக்கு நடுவில் லேப்டாப் மூடியபடி இருந்தது. அதன் மேல் அண்ணாச்சி கையை வைத்துக்கொண்டு நின்றார், யாராவது பறித்துப் போய்விடுவார்கள் என்பது போல. டீச்சரைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் லேப்டாப்பைக் காட்டி, திற என்று விரலால் தட்டினார்.

எண்ணினோம். ஐந்திலிருந்து முப்பத்தொன்று வரை இருந்தது. "முதல் நாலும் நான் அழிச்சிட்டேன் டீச்சர். எடம் இல்லன்னு செவப்புக் காட்டுச்சு" என்றேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி முப்பத்தொன்றாம் பாடத்தைத் திறந்து, முதல் ட்ராக்கை அணைத்து, இரண்டாவதைப் போட்டு, ஹெட்போனை டீச்சர் காதில் வைத்தார்.

வெளியே மேளம். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. டீச்சர் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. முதலில் கண் விரிந்தது. பிறகு தோள் இறங்கியது. பாடத்தைக் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார், ஓர் இடத்தில் உதட்டைச் சுழித்தார், ஏதோ சரியாகச் சொல்லவில்லை போல. அண்ணாச்சி கடைசிக்குத் தள்ளிப் போனார். அங்கே டீச்சர் முகம் சட்டென்று வெளுத்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தார். நாலைந்து நிமிடம் இருக்கும். முடிந்ததும் கழற்றி மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா டீச்சர்?" என்று அண்ணாச்சி பயந்துகொண்டே கேட்டார். "முன்னபின்ன உள்ளதை வெட்டிருதேன். என்ன சொல்லுதீங்க?"

டீச்சர் சிலேட்டில் எழுதினார். 'வெட்டு. பாடம் மட்டும் போதும்.' பிறகு அழித்துவிட்டு எழுதினார். 'ரெண்டு ஹார்டு டிஸ்க்குல வையி. மூணாவது பொன்மணிகிட்ட இருக்கட்டும்.'

அதை எழுதும்போதுதான் என்னைப் பார்த்தார். பழைய முறைப்பு இல்லை.

எனக்கு எப்படித் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. காலையில் ஒருமுறை கத்தியதால் வாய் பழகிவிட்டதோ என்னவோ. "அண்ணாச்சி, வெட்டுததைத் தூரப் போட்டுராதீங்க. எனக்குத் தாங்க" என்றேன். டீச்சர் சிலேட்டைப் பிடித்தபடி என்னை வெகுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். சரி என்று தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார்.

போன முதல் நாலு பாடங்களை மே மாதம் டீச்சர் மறுபடி பதிந்தார். பருத்தி மில்லுக்குப் போய்விட்டது, கிட்டங்கி காலி. அதனால் ஒன்றும் கெடவில்லை, மைக்கே தேவைப்படவில்லை. வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் திரையிலேயே சிவப்பு மையில் எழுதினார். 'இங்கே எல்லாரும் தப்புப் பண்ணுவீங்க, நில்லுங்க' என்பதைக்கூட எழுதினார். அது பாதி வேகத்தில்தான் போனது. ஆனால் பத்தொன்பது பேரும் பார்த்தார்கள். ஜூனில் பரீட்சை எழுதப் போனார்கள்.

வெட்டிய துண்டுகளை அண்ணாச்சி என் போனில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வயரைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். எல்லாம் சில்லறைப் பேச்சு. "ஏட்டி, அந்தப் பல்லியை விரட்டு, அது வேற கணக்குப் படிக்க வந்திருக்கு." "ராத்திரிக்கு என்ன குழம்பு?" "இந்த லிங்கராஜ் மைக்கை மாட்டுததைப் பாரு, எருமைக்குக் கயிறு போடுத மாதிரி." எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கடைசித் துண்டு முப்பத்தோராம் பாடத்தின் வால். "வென்னி வாங்கிட்டு வாயேன்" என்று என்னை அனுப்புகிறார். என் செருப்புச் சத்தம் போகிறது. கதவு சாத்துகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு திடீரென்று, உள்ள மூச்செல்லாம் திரட்டி, "பசுவந்தனை காளீஸ்வரி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருமில்லாத கிட்டங்கியில், பருத்தி மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வருகை எடுத்திருக்கிறார். "ஓட்டப்பிடாரம் ஜெபிஷா! கடம்பூர் ராமலட்சுமி!" பத்தொன்பது பேரையும் ஊரோடு கூப்பிட்டார். முன்பு படித்துப் போனவர்களைக் கூப்பிட்டார். "மணியாச்சி சாமுவேல்ராஜ்!" என்றார், அதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். குரல் உடைந்து உடைந்து வந்தது, விடவில்லை. அடுத்து யாரும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

"கோவில்பட்டி பொன்மணி!"

ஒன்பது வருடத்தில் என் பெயரை ஊர் சேர்த்து அவர் கூப்பிட்டதே இல்லை. நான் படிக்க வந்தவள் இல்லையே.

"வந்துட்டேன் டீச்சர்" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

திரும்பினால் அடுப்படி வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் கரண்டி. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். நான் வயரைக் காதிலிருந்து பிடுங்கினேன். அவர் என் போனையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. கரண்டியால் எனக்குப் பின்னால் காட்டினார்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.